அரைப் பேர், முழுப் பேர்

1

போன வருடம் பங்குனியில் எனக்கு அலாட்மென்ட் கிடைத்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்தே ஊட்டிக்குப் போன் போட்டு, "அக்கா, எனக்கு அலாட்மென்ட் ஆயிருச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், லைன் அறுந்துவிட்டது. சாயங்காலம் மறுபடி பேசுவதற்குள், பெர்ன்ஹில் சரிவில் இருக்கும் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேசரி போய்ச் சேர்ந்திருந்தது. புஷ்பராணிக்கு லண்டனில் கவர்ன்மென்ட் வீடு ஒதுக்கிவிட்டார்கள் என்று.

நான் இருப்பது ஷெஃபீல்ட். லண்டன் இங்கிருந்து வெகு தூரம். அதைச் சொல்லிச் சொல்லி அலுத்து இப்போது விட்டுவிட்டேன். வெளிநாடு என்றால் லண்டன், அலாட்மென்ட் என்றால் வீடு. இரண்டுக்கும் எங்கள் சனத்திடம் வேறு அர்த்தம் கிடையாது.

நாங்கள் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தாத்தா காலத்தில் சொந்த ஊரிலிருந்து அங்கே போய், அப்பா காலத்தில் அங்கிருந்து ஊட்டிக்கு வந்து, என் காலத்தில் இன்னும் தூரம் போயாகிவிட்டது. புலம்பெயர்வது எங்கள் வீட்டில் பரம்பரைத் தொழில் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பலிலிருந்து இறங்கிய நாள்முதல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி "எங்க அலாட்மென்ட் வந்துச்சா?" என்று கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேறு எப்படிக் கேட்கும்?

இங்கே அலாட்மென்ட் என்பது, சும்மா கிடக்கிற பொது நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ள அக்கம்பக்கத்தாருக்கு விடுவது. அக்காவுக்கு விளக்கினேன்.

"அப்ப வீடு இல்லியா?"

"சின்னதா ஒரு குடிசை போட்டுக்கலாம். மம்பட்டி வைக்க."

"மம்பட்டிக்கா வீடு குடுக்கிறாங்க?" பிறகு ஏறினாள் பாருங்கள். "அடியே, மண்ணு கொத்த வேணாம்னுதானடி அப்பா ஒன்னய நர்ஸுக்குப் படிக்க வச்சாரு. கடலத் தாண்டிப் போயும் மண்ணத்தான் கொத்துறியா?"

2

கொத்தத்தான் செய்கிறேன். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி. சனிக்கிழமை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு என் துண்டு நிலத்துக்குப் போய்விடுவேன். ஷெஃபீல்டும் மேடும் பள்ளமுமான ஊர். மழைத் தூறலில் அந்தச் சரிவில் நின்றால், ஒரு நிமிஷம் நாக்கு எங்கள் மலையின் படகா மொழியும் தமிழும் கலந்து பேச எழும். எதிரே நிற்பவர் கென். பக்கத்து நிலத்துக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

இந்த நிலத்துக்கு மாநகராட்சி அனுப்பிய விதிமுறைகளை ஒரு நாள் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து படித்தோம். குடிசை இன்ன உயரத்துக்கு மேல் போகக் கூடாது. முள்கம்பி கூடாது. கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. "பாவம், அதுக்கு மட்டும் விசா இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

ஊட்டியில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் காய்கறி என்று பெயர். இங்கிலீஷ்காரர்கள் ஊரில் நான் போட்டிருப்பது கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும். கென்னிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, என் கொத்தமல்லியில் ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு போனார்.

அவர் என்னைக் கூப்பிடுவது 'புஷ்'. அவர் மட்டுமில்லை, வார்டில் எல்லோருக்கும் நான் புஷ்தான். புஷ்பராணி நீளமாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வெட்டிவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் கதவுக்குக் கதவு என் பெயர் எழுதியிருக்கிறது, தள்ளு என்று. இருபது வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு வெண்ணிலா என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அவளை ஐஸ்கிரீம் ஆக்கினார்கள். அழுதுகொண்டு வந்தவள், அடுத்த வருடம் தானே வெட்டிக்கொண்டு 'வென்' ஆகிவிட்டாள். இப்போது நான் வீட்டில் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "என்ன தப்பு செஞ்சேன்?" என்று இங்கிலீஷில் கேட்கிறாள். திட்டும்போது மட்டும்தான் முழுப் பெயர் வரும் என்று அவளுக்குப் பழகிவிட்டது. எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

3

நான் அனுப்பிய போட்டோக்களை அக்கா முதலில் கேலியாகத்தான் பார்த்தாள். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அவளே கூப்பிட்டாள்.

"ஏண்டி, நம்ம வரிசைக்குக் கீழ பள்ளம் கெடக்கே, மாதா கோயில் நெலம். அதயும் இப்பிடிப் பிரிச்சுப் போட்டா என்ன?"

அந்தப் பள்ளம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு விளைந்த படிக்கட்டு நிலம். கவனிப்பார் இல்லாமல் உன்னிச்செடி மண்டி, சீசனுக்கு வருகிறவர்கள் தின்றதும் குடித்ததும் எல்லாம் அதில் வந்து சேர்ந்துவிட்டது. கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து மனிதர்கள் இறங்குவதில்லை. காட்டெருமை மட்டும் இறங்கும்.

அக்கா பெயர் சரோஜா. ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். கோயிலுக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது, நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் கோயில் பள்ளிக்கூடத்து ஜெசிந்தா டீச்சரைப் பிடித்துக்கொண்டு நேரே ஃபாதரிடம் போய் நின்றுவிட்டாள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் இளம்பெண் அந்த டீச்சர். எதிலும் முதல் ஆளாக இறங்குகிறவள்.

ஃபாதர் ஒளிக்காமல் சொன்னாராம். "அந்த எடத்த டூரிஸ்ட் வேன் நிறுத்த விடணும்னு கோயில் கமிட்டி ஒத்தக்கால்ல நிக்குது. வர்ற சீசன் வரைக்கும் நான் தள்ளிவைக்கிறேன். அதுக்குள்ள பள்ளம் பூராவும் பச்சையாத் தெரியணும். பாதி குப்பையாக் கெடந்தா என்னால வாயத் தொறக்க முடியாதும்மா."

"ஆளு நான் சேக்கிறேன் ஃபாதர்" என்று அக்கா ஏற்றுக்கொண்டாள்.

எங்கள் அப்பா இரண்டு நாட்டிலும் ஆயுசுக்கும் நட்டது தேயிலை. எல்லாம் துரைமார் தேயிலை. தனக்கென்று நட்டது, வாசலில் எண்ணெய் டின்னில் ஒரு ரோஜாச் செடி. எஸ்டேட் மாறி எஸ்டேட் போகும்போதெல்லாம் சாமான்களோடு அந்த டின்னும் ஏறும். அதைத் தூக்கி வருவது அக்காவின் வேலை. "டின்னுல இல்லாம தரையில ஒன்ன நட்டு, அது பக்கத்துலயே நான் இருக்கணும்டி" என்று போனில் சொன்னாள். பேரன் பேத்தி எடுத்தவள். இதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

4

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல் சின்னதுதான்: பேர்.

உங்களுக்குப் பேர் என்றால் பெயர். தேயிலைத் தோட்டத்துக் கண்டித் தமிழில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. காலையில் பிரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், வந்து நிற்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு கணக்கப்பிள்ளை பேர் போடுவார். கொழுந்து சரியாக இருந்தால் முழுப் பேர். எடை குறைந்தால் அரைப் பேர். துரைக்குக் கோபம் வந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். "இன்னைக்கு அரைப் பேருதான்" என்று அம்மா சொல்லிக்கொண்டு வரும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம்.

கோயமுத்தூர் ஜெசிந்தா டீச்சருக்கு இது எப்படித் தெரியும்? தை மாதத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். "ஏனுங்க, ஞாயித்துக்கெழம எல்லாரும் கீழ பள்ளத்துக்கு வந்துருங்க. சுத்தம் பண்ணி முடிச்சதும் எல்லாருக்கும் பேரு போட்டுரலாமுங்க!"

வராமல் இருப்பார்களா? உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும்போதே வரிசை மொத்தமும் அரிவாளும் மம்பட்டியுமாக இறங்கிவிட்டது. கேரட் அறுக்க வழக்கமாகக் கூப்பிட வரும் லாரிக்காரரிடம் இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். லாட்ஜில் கல்யாணக் கூட்டம் என்பதால் அக்காவால் மட்டும் வர முடியவில்லை.

அன்று பார்த்த வேலையை டீச்சர் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னிச்செடி வேரோடு வருகிறது. பாட்டில் மலை ஒரு பக்கம், பிளாஸ்டிக் மலை ஒரு பக்கம். நடுவில் ராமாயி அக்கா, கொழுந்துக் கூடைக் கயிறு அழுந்திய நெற்றியோடு, ஒவ்வொருவரையும் ஏவிக்கொண்டு நிற்கிறாள். எழுபதைத் தாண்டியவள், எங்கள் வரிசையின் வாய். மத்தியானத்துக்குள் பழைய படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அத்தனை பேரும் மலையை வெட்டிப் பாதை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என்று அந்த வீடியோவைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே தெரியும்.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் கை கழுவிவிட்டு டீச்சர் முன்னால் வரிசையில் நின்றார்கள். டீச்சருக்கு ஒரே பூரிப்பு. அவரவர் துண்டு நிலத்தில் நட, முந்தின நாளே பெட்டிப் பலகைகளில் சாயத்தால் பெயர் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

ராமாயி அக்கா பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா டீச்சர் இது?"

"உங்க பேருங்க!"

"இதுவா பேரு? வெடியக்காலம் பெரட்டுக்கு வந்து, பொழுது போற மட்டும் குனிஞ்சது இதுக்கா?"

"ஆமாங்க. அழகா எழுதியிருக்கேன் பாருங்க, ராமாயின்னு."

"எழுதி என்னாத்துக்கு? ஒலையில போட்டு ஆக்கவா?"

பலகையைத் தரையில் போட்டுவிட்டு அவள் ஏறிப் போனாள். பின்னாலேயே வரிசை முழுக்க ஏறிப் போய்விட்டது.

5

அக்கா லாட்ஜிலிருந்து வந்தபோது, இருட்டுகிற பள்ளத்தில் டீச்சர் பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். நடந்ததைக் கேட்டதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் போன் போட்டாள். நான் வார்டு நடையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காதடி. ஒரு நாள் பொழப்பு போச்சு அவுங்களுக்கு. சீசன் வந்துரும். இனி யாரு எறங்குவா?"

வார்த்தைத் தகராறுதானே, விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்றேன். நான் தள்ளி இருக்கிறவள், அப்படித்தான் தோன்றும். அக்கா வீடு வீடாகப் போய் விளக்கத்தான் செய்தாள். கேட்டுக்கொண்டார்கள், காப்பி கொடுத்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. கூலியைவிடப் பெரிய காரணம் ஒன்று அவர்களுக்கு இருந்தது.

"கப்பல் ஏறயிலயும் காணி குடுக்கிறம்னுதான் சொன்னாங்க" என்றாளாம் ராமாயி அக்கா. "சுத்தம் பண்ற மட்டும் நம்ம பேரு. சுத்தமானதும் எவன் பேரோ. என்னால ஏலாது சரோசா."

எங்கள் ஆட்கள் காடு திருத்திக் கொடுத்த இடங்களிலெல்லாம் இன்று யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். பள்ளத்தில் திரும்பவும் ஒரு பிளாஸ்டிக் மூட்டை வந்து விழுந்தது. கமிட்டி ஆள் ஒருவர் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார். அக்கா போனில் பள்ளத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஃபாதரிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் சொல்லவில்லை. ஒரு காலை, லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டு, பலகைகளை எல்லாம் துடைத்துக் கூடையில் அடுக்கி, டீச்சரையும் கூட்டிக்கொண்டு வரிசையின் முதல் வீட்டு முன்னால் போய் நின்றாள். நின்று, கணக்கப்பிள்ளை மாதிரியே அடித்தொண்டையில் இழுத்துக் கத்தினாள்.

"பெரட்டே... பெரட்டு! ராமாயி... முழுப் பேரு!"

டீச்சர் போனில் எடுத்திருக்கிறாள். உள்ளேயிருந்து ராமாயி அக்காவின் குரல் மட்டும் வருகிறது.

"எவன்டா அவன், எனக்குப் பேரு போடுறவன்?"

"நீயேதான் போடணும்க்கா."

"நானா? அப்ப யாரு நிறுக்கிறது?"

"நீதான்."

"எடை கொறஞ்சா?"

"கொறஞ்சதயும் நீதான் திங்கணும்."

அக்கம்பக்கத்தில் கதவுகள் திறக்கின்றன.

"அரைப் பேரு யாருக்குடி?"

"யாருக்குமே கெடயாதுக்கா. எல்லாம் முழுப் பேரு."

ராமாயி அக்கா வெளியே வந்தாள். தலையில் மப்ளர், வாயில் வெற்றிலை. பலகையை வாங்கி, அதில் இருந்த எழுத்தை விரலால் தடவினாள். "இதுல எது 'ரா'?" என்று டீச்சரைக் கேட்டாள். டீச்சர் காட்டினாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பள்ளத்துக்கு இறங்கி, மேல் படிக்கட்டில் ஒரு கல்லை எடுத்து அந்தப் பலகையை அடித்து இறக்கினாள். மற்றவர்கள் தங்கள் பலகையை அக்காவின் கூடையிலிருந்து தாங்களே தேடி எடுத்துக்கொண்டார்கள்.

படிக்காத என் அக்காவுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அப்பா ஆயுசுக்கும் காதுல கேட்டுக்கிட்டே செத்த சத்தம்தானடி அது. நாம ஒரு தடவ போட்டுப் பாத்தா என்ன?" என்றாள். அவள் வயிற்றில் பிறக்காமல் போனேனே என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

6

அதற்குப் பிறகு எனக்குத் தினமும் போட்டோ வரும். ஊட்டி மண் சும்மா சொல்லக்கூடாது, விட்டுவைத்த வருடங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. முள்ளங்கியும் கீரையும் முந்திக்கொண்டன. அடுத்து பீன்ஸ், பீட்ரூட், கேரட். ராமாயி அக்கா இவை எல்லாவற்றையும் மரக்கறி என்றே சொல்வாள், டீச்சருக்கும் இப்போது அது தொற்றிவிட்டது. ஒரு காலை காட்டெருமை இறங்கி ஒரு படிக்கட்டு முட்டைக்கோஸைத் தின்றுவிட்டுப் போயிற்று. "அதுக்கும் ஒரு பேரு போட்டாச்சு" என்று அக்கா எழுதியனுப்பினாள். அவரவர் வேலியையே கட்டிக்கொண்டிராமல், பள்ளம் முழுவதற்கும் சேர்த்து ஒரே வேலி கட்டினார்கள்.

சித்திரை பிறந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டிகள் ஏற ஆரம்பித்தன. கமிட்டிக்காரர்கள் ஃபாதரோடு பள்ளத்துக்கு வந்தார்கள். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். நானும் இங்கே டூட்டியில் போனைப் பையில் வைத்துக்கொண்டு தவித்தேன்.

ஃபாதர் மேல் படிக்கட்டிலிருந்து ஒவ்வொரு பலகையாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு நடந்தார். "ராமாயி." தன்னையும் அறியாமல் சொன்னாளோ, வேண்டுமென்று சொன்னாளோ, ராமாயி அக்கா பிரட்டுக் களத்தில் நிற்பதுபோல், "இருக்கேன் சாமி" என்றாள். "பேச்சிமுத்து." "இருக்கேன் சாமி." "அந்தோணியம்மா." "இருக்கேன் ஃபாதர்." கடைசிப் படிக்கட்டு வரை இதுதான். கீழ்க்கோடியில், ஒரு ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் இருந்த பலகையை அவர் வாசித்தார். "சரோஜா." என் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. வரிசை மொத்தமும் அவளுக்காகச் சொன்னது: "இருக்கா!"

வேன்களுக்கு வேறு இடம் பார்ப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. அடுத்த சீசனில் மறுபடி வந்து பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

7

ஃபாதர் பெயர் வாசித்ததையும் டீச்சர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள், அதை வெண்ணிலாவும் பார்த்தாள். அவளுக்குப் பாதித் தமிழ்தான் புரியும். அந்த "இருக்கேன்" மட்டும் என்னவென்று கேட்டாள், சொன்னேன். அப்படியே அரைப் பேர், முழுப் பேர் கதையையும் சொல்லிவிட்டேன். "உன் பேரையும் இங்கே வெட்டிட்டாங்கதானே?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

எங்கள் அலாட்மென்டில் எல்லா நிலத்துக்கும் எண் மட்டும்தான். பெயர்ப் பலகை கூடாது என்று மாநகராட்சி விதியில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை. சேவல்தான் கூடாது. சனிக்கிழமை வெண்ணிலா தூரிகையோடு கூடவே வந்தாள். நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, படம் வரைவதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். 'புஷ்' வந்ததுமே பலகை முடிந்துவிட்டது.

"இடம் போதாதும்மா. இதோட விட்டுரவா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"பெரிய பலகையா எடுத்துட்டு வா" என்றேன்.

கென்னின் குடிசைக்குப் போனாள். பழைய வேலிப் பலகை ஒன்றைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். என் முன்னால் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

"இதுல ரெண்டு பேர் பிடிக்கும்" என்றாள் தமிழில். "என்னுதை எப்படி எழுதணும்?"